இரண்டு பிடி அரிசி

உலை கொதிப்பதற்குள் ஆழாக்கில் அரிசியை அளந்து பாத்திரத்தில் கொட்டுவேன். கொட்டியதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, மேடையின் ஓரத்தில் இருக்கும் டப்பாவில் போடுவேன். அப்புறம்தான் களைவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்று காலை வரை, ஒரே ஒரு நாள் தவிர, இது மாறவில்லை. என்னிடம் மாறாமல் இருப்பது இது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்கள் ஜனங்கள் இதைப் பிடியரிசி என்பார்கள். வீட்டில் எத்தனை வாய் இருந்தாலும், அரிசி எவ்வளவு குறைந்திருந்தாலும், ஆக்குகிற அரிசியில் ஒரு பிடி கோயிலுக்கு. சர்ச் என்றாலும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது பெண்கள் அந்த அரிசியைத் தூக்குவாளியிலும் பையிலும் கொண்டுபோய், முன்னால் வைத்திருக்கும் கூடையில் கொட்டுவார்கள். சபையில் இல்லாதப்பட்டவர்களுக்கு அது போகும். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். அவள் கை நாற்று நட்ட கை, அகலமான கை. அவள் ஒரு பிடி அள்ளினால் அதை ஆக்கி ஒரு ஆள் வயிறார உண்ணலாம். சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் அள்ளினால் விரலிடுக்கில் பாதி கொட்டிவிடும். அம்மாவுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

“சாமிக்குக் குடுக்குறதுல என்னாடி கஞ்சத்தனம்? கைய நல்லா விரிச்சு அள்ளு.”

அப்படிப்பட்டவளின் மகளாகிய நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. சாமி இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. இதைச் சொன்னால் போதும், எதிரே இருப்பவர்கள் ஒரு சோகக் கதைக்குத் தயாராகிவிடுவார்கள். “என்னாச்சு டீச்சர்? யாராவது மனசு நோகப் பேசிட்டாங்களா?” என்று குரலை இறக்கிக் கேட்பார்கள். அட, ஒன்றும் ஆகவில்லை. யாரும் அகாலமாகச் சாகவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கள் போதகர் தங்கமான மனிதர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். பிள்ளைகள் ஏன், எப்படி என்று கேட்டால் குளிர்ந்து போகிறவள். அந்தக் கேள்விகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஒரு நாள் எல்லாரோடும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே, இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை என்று தெரிந்துவிட்டது. பாட்டு என்னமோ நல்ல பாட்டு. முடியும்வரை பாடிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆரம்பத்தில் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன்? அதைவிடப் பெரிய கஷ்டம், நன்றி சொல்ல ஆள் இல்லாமல் போனது. வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்று ஓடி, ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்று, மருத்துவமனை வாசலில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மனசு நிறைந்து வழிகிறது, யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்த பெண்ணைத் தேடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், நெற்றி நிறைய விபூதி. அவர் ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டார். “சாமி பயம் இல்லேன்னா மனுஷன் எதுக்கு டீச்சர் யோக்கியமா இருக்கணும்?”

“அப்ப சாமி இல்லேன்னு தெரிஞ்சா நாளைக்கே என் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் துடுக்கு, அதனால் அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் சாயங்காலம் அரிசி அளக்கும்போது அவர் கேள்வி வந்து பக்கத்தில் நின்றது. கை அதுபாட்டுக்கு ஒரு பிடியை அள்ளி டப்பாவில் போட்டிருந்தது. இது யாருக்கு? கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்து எடுத்துப் போட்டு, டப்பாவில் வண்டு விழுந்ததுதான் மிச்சம். நிறுத்திப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். யாருடைய பங்கையோ நானே தின்றுவிட்டதாக ஒரு உறுத்தல். மறுநாள் பழையபடி எடுத்து வைத்தேன்.

நாங்கள் இருப்பது தஞ்சாவூர் ஓரத்தில். வயலை அழித்துப் போட்ட நகர். மழைக்காலத்தில் தவளைகள் இன்னும் தங்கள் இடம் என்றே நினைத்துக் கத்தும். எங்கள் தெருக்கோடியில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். குடவாசல் பக்கத்து மிராசு குடும்பம். நிலமெல்லாம் விற்று, பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். வார நாட்களில் மெஸ்ஸிலிருந்து அவருக்குக் கேரியர் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு கேட்டைத் தாண்டும்போது பார்த்தேன், வராந்தாவில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கேட்டால், சனியும் ஞாயிறும் மெஸ் கிடையாதாம், இடுப்பு ஒடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்க முடியவில்லையாம்.

“பக்கத்துல இருக்குற நாங்கள்லாம் மனுஷங்க இல்லேன்னு நெனச்சீங்களா? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?” என்று கத்திவிட்டேன். எனக்கு இரக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

அன்றிலிருந்து வாரம் முழுக்க எடுத்து வைத்த பிடியரிசி சனி, ஞாயிறு அந்தம்மாவுக்குச் சோறாயிற்று. வண்டு விழ நேரமில்லை. மூட்டை அரிசி வீட்டில் இருக்கும்போது எதற்கு இந்தத் தனி டப்பா என்று வீட்டுக்காரர் கேட்டார். மூட்டையிலிருந்து எடுத்தால் அது தர்மம். இது எங்கள் சோற்றிலிருந்தே பிரிந்த அந்தம்மாவின் பங்கு. சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அம்மா எங்களோடு வந்து சேர்ந்தாள். அப்பா போனபிறகும் ஊரில் தனியாகவே இருந்தவள், கொல்லையில் வழுக்கி விழுந்து, வேறு வழியில்லாமல் வந்தாள். என் வீட்டில் ஜெபம் கிடையாது என்பது அவளுக்குப் பெரிய அடி. மருமகனிடம் குறைப்பட்டுக்கொள்வாள். “நீங்களாவது சொல்லக் கூடாதா தம்பி?” அவர் கிறிஸ்மசுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவர். “நான் சொன்னா கேட்டுட்டாலும்!” என்று நழுவிவிடுவார்.

விளக்கு வைத்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். எல்லாருக்காகவும் வேண்டி முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். நான் ஆமென் சொல்வதற்காக விட்ட இடம் அது. நான் சொல்ல மாட்டேன். பிறகு அவளே மெதுவாகச் சொல்லி முடிப்பாள். சண்டை போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், அந்த இடைவெளியைத் தாங்க முடியாது.

ஒரு நாள் அப்படி முடித்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தாள்.

“நான் மேல போயி உன்னைத் தேடுவேனேடி. உங்கப்பா இருப்பாரு, எல்லாரும் இருப்பாங்க. நீ மட்டும் இருக்க மாட்டியே. நான் எங்கன்னு போயித் தேடுவேன்?”

எனக்கு நரகமில்லை, சொர்க்கமில்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறதே. அங்கே, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு தான் அலைய வேண்டியிருக்கும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். அந்தப் பயம்தான் அவள் சோற்றைக் குறைத்தது, தூக்கத்தைக் கெடுத்தது. ஒரே ஒரு ஆமென் போதும், அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் பொய் சொன்னால் பக்கத்தில் படுக்கவிடாத அம்மா இவள். இவளுக்குக் கடைசிக் காலத்தில் நான் ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பவா?

அம்மா கைத்தடியோடு நடமாட ஆரம்பித்தபிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படிக்குள் வந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மருமகனைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியில் கோயிலுக்குப் போனாள். அந்தம்மாவுக்குச் சமைக்க டப்பாவைத் தேடினால் காணோம். சரி, எங்கேயோ இடம் மாற்றி வைத்திருக்கிறேன் என்று மூட்டையிலிருந்து எடுத்து ஆக்கினேன். ஆராதனை முடிந்து அம்மா வந்தாள். முகம் அப்படி ஒரு முகம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்தது, அதற்கப்புறம் இன்றுதான். கையில் அந்தக் காலி டப்பா.

“எங்கிட்ட மறைச்சிட்டியேடி கள்ளி! வாயில இல்லேங்குற, கை மட்டும் ஆண்டவருக்கு எடுத்து வைக்குது. உன் பேரைச் சொல்லி நானே கொண்டுபோயி வச்சேன். போதகர் உனக்காக ஜெபம் பண்ணாரு. சபையே ஆமென் சொல்லிச்சு பாப்பா, சபையே!”

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே நின்றுகொண்டார். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு, வந்த நாளிலிருந்து சாப்பிடாத சாப்பாட்டைச் சாப்பிட்டாள். ரசத்தை இன்னொரு தரம் கேட்டாள். நான் பரிமாறினேன். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், ஆமென்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் தானாகவே முடிந்துவிடும். ஐயோ, எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

அப்போது அவள் சொன்னாள். “இனிமே எனக்குக் கவலையில்ல. மேல போயி உன்னைத் தேட வேண்டியதில்ல பாரு.”

“அம்மா, நான் மாறல. அது கோயிலுக்கு எடுத்து வச்ச அரிசி இல்ல.”

சொன்னபிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ரசம் விரல் வழியாக ஒழுகியது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்ட குழந்தை மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பின்ன யாருக்கு?” என்றாள்.

கேரியர் தயாராக இருந்தது. அந்தம்மா பசியோடு காத்திருப்பார். “வந்து பாரேன்” என்றேன். வர மாட்டாள் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததுமே அந்தம்மா ஆரம்பித்துவிட்டார். “வாங்க டீச்சர். நேத்து சாதம் குழைஞ்சு போச்சு.”

“விறைப்பா வடிச்சா மெல்றதுக்கு உங்களுக்குப் பல்லு இருக்கா?”

“வாயப் பாரு. இது யாரு, உங்க அம்மாவா? உள்ள வாங்க. உக்காருங்க.”

அம்மா செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரமாகவே நின்றாள். இந்த மாதிரி வீடுகளில் அவள் கொல்லைப்புறம் வரைதான் பார்த்திருக்கிறாள். அங்கே குத்தவைத்துக் கஞ்சி குடித்திருக்கிறாள், குவித்த கையில் தண்ணீர் ஊற்றக் குடித்திருக்கிறாள். அந்தம்மா நாற்காலியைத் தட்டி மறுபடியும் உட்காரச் சொன்னார். அம்மா நுனியில் உட்கார்ந்தாள். டம்ளரில் தண்ணீர் வந்தது. அண்ணாந்து குடிக்கப் பார்த்தாள், கழுத்து ஒத்துழைக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வாய் வைத்துக் குடித்தாள். அந்தம்மா டம்ளரை வாங்கித் தன் தண்ணீர்ச் செம்பின்மேலேயே கவிழ்த்து வைத்தார்.

அந்தம்மா ஒன்றும் பெரிய மனசுக்காரர் இல்லை. உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் எப்படி இருந்தாரோ, யார் கண்டார்கள். நான் அதையெல்லாம் விசாரித்துவிட்டுச் சோறு போடவில்லை.

திரும்பி வரும்போது அம்மா பாதித் தெருவில் தடியை ஊன்றி நின்றாள்.

“உன்னை வாங்கன்னு கூப்புடுறாங்க.”

“ஆமாம்மா.”

“இவங்களுக்குப் போயா எடுத்து வைக்கிற? நம்ம ஜனத்துல எத்தனை ஏழை இருக்கு.”

“இந்தம்மாதானே நம்ம தெருவுல இருக்கு.”

“ஆண்டவருக்காகச் செய்யல?”

“இல்லம்மா.”

“பேருக்காகவும் செய்யலையா?”

“பேரா? நீயே இன்னிக்கித்தான் பாக்குற. சோறு குழைஞ்சு போச்சுன்னு திட்டு கெடைக்குது, அவ்வளவுதான்.”

“பின்ன எதுக்குடி?”

“நான் போகலேன்னா அந்தம்மா பிஸ்கட்டு திங்கும்.”

கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான் என்று அப்போது தோன்றியது. மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பின காலத்தில், நான் ஒரு நாள் மறந்தாலும் அவர் வேறு வழி செய்வார் என்றிருந்தேன். இப்போது அப்படி யாரும் இல்லை. நான் எடுத்து வைக்கவில்லை என்றால் அந்தப் பிடி அங்கே இருக்காது. பயமில்லாமல் போனபிறகு எனக்குப் பொறுப்பு கூடித்தான் இருக்கிறது.

அம்மா அன்றோடு சமாதானமாகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன சொன்னாள் என்று பயந்துகொண்டே கேட்டேன். “நான் ஒண்ணும் சொல்லல. ஜெபம் பண்ணது பண்ணதாவே இருக்கட்டும், கெட்டா போயிடும்?” என்றாள். அடுத்து வந்த நாட்களில் ஒரு காலை, நான் அரிசி அளந்துகொண்டிருக்கும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் சம்படத்தை எடுத்து என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாத்திரத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். “இது கோயிலுக்கு.” இன்னொரு பிடி அள்ளி என் டப்பாவில் போட்டாள். “இது ஒன்னோடது. நீ அள்ளுறது அந்தம்மாவுக்குக் காணாது.”

அன்றிலிருந்து நான் அரிசி கொஞ்சம் கூடுதலாகவே அளந்தேன்.

ஜெபம் நடந்தது. அந்த இடைவெளியும் இருந்தது. நான் அப்போதும் ஆமென் சொல்லவில்லை. ஆனால் அவள் ஜெபத்தில் அந்தம்மாவின் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. சில ஞாயிற்றுக்கிழமை அவளே தடியை ஊன்றி என்னோடு வருவாள். அவளும் அந்தம்மாவும் மருமகள்களைப் பற்றியும் மருமகன்களைப் பற்றியும் புறம் பேசுவார்கள், என்னைப் பற்றியும்தான்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த அடைமழைக் காலத்தில் அம்மா படுத்தாள். சளி நெஞ்சில் இறங்கியது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் ஜெபத்தை ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பாதியில் விட்டாள். என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

“மேல போயி உன்னைத் தேட மாட்டேன்டி.”

என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

“எதுக்குத் தேடணும்? நீ எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? அடுப்படியில நின்னு அரிசி களைஞ்சிக்கிட்டு இருப்ப. அங்கேருந்து எட்டிப் பாத்தா தெரியும்.”

அவள் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் தூங்கிப்போனாள்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும், உலையை வைத்தேன். அரிசியை அளந்தேன். அம்மா இருந்தபோது அளந்த அளவே வந்துவிட்டது. என் டப்பாவில் ஒரு பிடி போட்டேன். பக்கத்தில் அவள் சம்படம் இருந்தது. சும்மா நின்றேன். பிறகு அதைத் திறந்து அதிலும் ஒரு பிடி போட்டேன்.

சம்படம் நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். ஆராதனை இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் என் அம்மா பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் “ஸ்தோத்திரம்மா” என்பார். நான் “வர்றேங்க” என்பேன். வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒன்றும் கிண்டல் செய்வதில்லை.

அம்மா எங்கிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவள் சம்படத்துக்கு அள்ளும்போது மட்டும், கையை நல்லா விரிச்சுத்தான் அள்ளுகிறேன்.